காருக்கு ஒரு கேமராவா, இரண்டா? டேஷ்கேம் வாங்குமுன் எடைபோட வேண்டியவை

காரின் கண்ணாடியில் ஒட்டி, சாலையில் நடப்பதைத் தொடர்ந்து பதிவு செய்யும் கேமராவான டேஷ்கேமை வாங்க முனைகிறவர் முதலில் தடுமாறும் இடம், முன்கண்ணாடிக்கு மட்டும் ஒரு கேமரா போதுமா, பின்கண்ணாடிக்கும் சேர்த்து இரண்டாக வாங்க வேண்டுமா என்பதுதான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உங்கள் ஊரின் கார் ஆக்சசரீஸ் கடையிலோ இதைக் கேட்டால், "கூடக் கொஞ்சம்தான் சார், ரெண்டாவே போட்டுடுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்தப் பதிலைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் எதை வாங்கித் தருகிறது, அதே பணத்தை முன்கேமராவின் தரத்துக்குச் செலவிட்டால் என்ன கிடைக்கும் என்ற ஒப்பீடு அந்தப் பதிலில் இல்லை. இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டுச் சாலைகளில் சொந்தக் கார் ஓட்டுகிறவரை மனத்தில் வைத்தவை. வாடகைக் கார் ஓட்டுகிறவரின் தேவை வேறானது என்பதால் அதற்குத் தனியே வருகிறேன்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கையில் உள்ள தொகை மாறாது என்றால், சுமாரான இரண்டு கேமராக்களைவிட இரவிலும் தெளிவாகப் பதிவு செய்யும் ஒரே முன்கேமரா மேலானது. பின்னால் வந்து மோதிவிட்டு நிற்காமல் போகிறவரை அடையாளம் காண வேண்டிய இடங்களில் உங்கள் கார் அடிக்கடி ஓடுகிறது அல்லது நிற்கிறது என்றால்தான் இரண்டாவது கேமரா தன் விலைக்கு உழைக்கும்.

முன்கேமரா ஒன்றே எவ்வளவு தூரம் போதும்

விபத்துக்குப் பின் எழும் வழக்கில் இரண்டு கேள்விகள் உண்டு: தவறு யாருடையது, எதிர்த் தரப்பு யார். முதல் கேள்விக்கு விடை சொல்வதில் முன்கேமரா பெரும்பாலும் தனித்தே போதுமானது. நெடுஞ்சாலையில் தவறான திசையில் வந்த இருசக்கர வாகனம், நடுத்திட்டின் இடைவெளியில் சட்டென்று திரும்பிய டிராக்டர், சிக்னலை மீறிக் குறுக்கே வந்த கார், கொண்டை ஊசி வளைவில் வழியை அடைத்துக்கொண்டு இறங்கிய பேருந்து ஆகிய எல்லாமே உங்கள் முன்னால்தான் நடக்கின்றன. கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் ஏறும்போது முன்னால் நிற்கும் வண்டி பின்னோக்கி உருண்டு உங்கள் பம்பரில் இடித்தால் அதுவும் முன்கேமராவில்தான் பதிவாகும்.

பலர் கவனிக்காத ஒன்று, பின்னாலிருந்து வரும் மோதலிலும் முன்கேமரா ஊமையாக இருப்பதில்லை என்பது. மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகள் 2017, முன்செல்லும் வாகனத்திலிருந்து போதிய இடைவெளி விட்டு வரும் கடமையைப் பின்னால் வருகிறவர்மேல் வைக்கின்றன. அதனால் பின்னால் மோதியவர் தப்பிக்க வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டே: "நீங்கள் பின்னால் எடுத்தீர்கள்", "காரணமே இல்லாமல் பிரேக் அடித்தீர்கள்". முன்கேமராவின் பதிவில் சாலை முன்னோக்கி நகர்ந்ததா, நின்றதா, பின்னோக்கி விலகியதா என்பது தெளிவாகத் தெரியும். ஜிபிஎஸ் உள்ள கேமரா என்றால் வேகமும் ஓரத்தில் பதிந்திருக்கும். சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்கும் படம் திடீரென்று குலுங்குவதும், அதே நொடியில் மோதல் சத்தம் கேட்பதும் முதல் காரணத்தை உடைக்கப் போதும். முன்னால் மாடு குறுக்கே வந்ததும் நீங்கள் பிரேக் அடித்ததும் பதிவில் இருந்தால் இரண்டாவது காரணமும் நிற்காது.

முன்கேமராவால் முடியாதது, மோதியவர் யார் என்று சொல்வதுதான். அவர் நின்று பேசினால் அந்தத் தேவையே எழுவதில்லை. நிற்காமல் வளைத்துக்கொண்டு போகும்போது உங்களை முந்திச் சென்றால் முன்கேமராவில் அவருடைய பின்பலகை விழவும் வாய்ப்புண்டு. பக்கச் சாலையில் திரும்பினாலோ பின்னோக்கி எடுத்துக்கொண்டு போனாலோ ஒன்றும் கிடைக்காது.

அடையாளம் தெரியாவிட்டால் என்ன இழப்பு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டுக்கான அறிக்கை நாடு முழுவதும் 4,61,312 விபத்துகளைக் கணக்கிடுகிறது. அவற்றில் 64,105 தமிழ்நாட்டில் நடந்தவை. எண்ணிக்கையில் வேறு எந்த மாநிலமும் அந்த ஆண்டு இதைத் தாண்டவில்லை. மோதல் வகைகளில் பின்னாலிருந்து மோதுவது மட்டுமே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இரட்டைக் கேமரா விற்கிறவர்கள் இந்தப் பங்கைச் சுட்டிக்காட்டினால் வியப்பில்லை. ஆனால் அந்த விபத்துகளில் மோதியவர் நின்றவையும் உண்டு, காரே சம்பந்தப்படாதவையும் உண்டு என்பதால், இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பின்கேமராவின் தேவையை அளப்பது சரியாகாது.

ஓடிப்போகும் வாகனத்தின் எண் தெரிவதற்குப் பணத்தின் அளவில் பெரிய மதிப்பு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இழப்பீட்டுத் திட்டத்தின்படி, அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் இறந்தால் 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தால் 50,000 ரூபாயும் மட்டுமே கிடைக்கும். அதே வாகனத்தின் எண் தெரிந்து, அதற்குக் காப்பீடும் இருந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வயது, வருமானம், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கணக்கிட்டு முழு இழப்பீடு கோரலாம். பம்பர் நசுங்கும் சிறு மோதலிலும் கதை இதுதான்: மோதியவர் யாரென்று தெரியாவிட்டால் உங்கள் சொந்த பாலிசியில் கோர வேண்டியிருக்கும், பல ஆண்டுகளாகச் சேர்த்த நோ-கிளெய்ம் போனஸ், அதாவது 20 முதல் 50 விழுக்காடு வரையிலான தள்ளுபடி, அடுத்த புதுப்பித்தலில் போய்விடும். ஆக, பின்கேமராவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை, சாரத்தில், ஓர் எண்பலகையைப் படிப்பதற்கான விலை. அந்தப் பலகையைப் படிக்க முடியாத பின்கேமரா இருந்தும் இல்லாததே.

எண்பலகையைப் படிக்க முடியுமா என்பதற்கு ஒரு கணக்கு

இதைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயர்பாதுகாப்பு எண்பலகை கார்களில் வழக்கமாக 500 மில்லிமீட்டர் அகலமும் 120 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதில் பத்து எழுத்து-எண்கள் இருக்கும். பெட்டியின்மேல் 140 டிகிரி என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் மூலைவிட்டத்தில் அளந்தது. குறுக்குவாட்டில் அது 120 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 1080பி கேமராவில் குறுக்குவாட்டில் 1,920 புள்ளிகள் (பிக்சல்கள்) உண்டு என்பதால் ஒரு டிகிரிக்கு 16 புள்ளிகள் வருகின்றன. பத்து மீட்டர் தொலைவில் அந்தப் பலகை ஏறத்தாழ 2.9 டிகிரி அகலத்தையே பிடிக்கும். அதாவது முழுப் பலகைக்கும் 46 புள்ளிகள், ஓர் எழுத்துக்கு நான்கு அல்லது ஐந்து. இதில் எட்டையும் மூன்றையும் பிரித்தறிவது ஊகமாகவே இருக்கும். ஐந்து மீட்டருக்கு வந்தால் புள்ளிகள் இரட்டிப்பாகிப் படிக்கக்கூடிய எல்லைக்குள் பலகை வரும். குறுக்குவாட்டில் இருமடங்கு புள்ளிகள் கொண்ட 4கே கேமரா அதே தெளிவைப் பத்து மீட்டரிலேயே தரும். இருசக்கர வாகனத்தின் முன்பலகை இதைவிட மிகச் சிறியது. அதைப் படிக்க அது உங்கள் பின்கண்ணாடியை ஒட்டினாற்போல் வந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, அகலமான கோணத்தைப் பெருமையாக விளம்பரப்படுத்தும் கேமராவில் அதே புள்ளிகள் இன்னும் பரந்த காட்சிக்குப் பங்கிடப்படுவதால் எண்பலகை இன்னும் மங்கும். 170 டிகிரி என்று பார்த்தவுடன் மகிழ வேண்டியதில்லை. இரண்டாவது, பின்கேமராவுக்கு 4கே தேவையில்லை. பின்னால் மோதுகிற வாகனம் எப்படியும் ஐந்து மீட்டருக்குள் வந்துதான் மோதுகிறது. மோதும் நொடியில் அதன் முன்பலகை உங்கள் டிக்கியின் கீழே மறைந்துவிடும். நெருங்கி வரும்போதும், மோதியபின் விலகும்போதும் கிடைக்கும் ஓரிரு நொடிகளில்தான் பலகை கண்ணில் படும். அதற்கு நேர்மையான 1080பி போதும்.

இரவில் நிலைமை மாறுகிறது. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் என்று வைத்தால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் வாகனமும் அதே வேகத்தில் செல்லும் நீங்களும் அந்த ஒரு படத்துக்குள்ளேயே ஒரு மீட்டருக்கு மேல் நெருங்கிவிடுவீர்கள். எண்பலகை தீற்றலாகத்தான் பதியும். இது விலை உயர்ந்த கேமராவுக்கும் பொருந்தும். எதிரே வந்த வாகனத்தின் எண்ணை இரவில் எந்தக் கேமராவும் காட்டாது என்றே எண்ணி, முன்னால் ஒரே திசையில் செல்லும் வாகனத்தின் பலகை தெரிகிறதா என்று மட்டும் சோதிப்பது நியாயமான எதிர்பார்ப்பு. இங்கே உதவுபவை நல்ல சென்சார் (சோனியின் ஸ்டார்விஸ் வரிசை இதற்குப் பெயர் பெற்றது), அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ், பிரகாசத்தையும் இருளையும் சமன் செய்யும் எச்டிஆர் ஆகியவை. பின்னால் ஹைபீமில் வரும் லாரியின் விளக்குகளுக்கு நடுவே இருக்கும் பலகையைப் படிக்க எச்டிஆர் இல்லாத பின்கேமராவால் ஏறத்தாழ முடியாது. குறைந்த விலை இரட்டைக் கேமராக்களில் முதலில் வெட்டப்படுவது இதுதான்.

இன்னொரு வெட்டும் உண்டு. சில மாடல்கள் தனியாக இயங்கும்போது 4கே பதிவு செய்யும்; பின்கேமராவின் வயரைச் செருகியதும் முன்கேமராவின் தெளிவு 1440பி (1080பிக்கும் 4கேக்கும் இடைப்பட்டது) அளவுக்கோ நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை பாதிக்கோ இறங்கிவிடும். இரண்டு காட்சிகளையும் ஒரே சிப் கையாள வேண்டியிருப்பதே காரணம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது தனித்த நிலைக்கான அளவு. இரண்டும் சேர்ந்து இயங்கும்போதுள்ள அளவு கையேட்டின் உள்ளே ஒரு பட்டியலில் இருக்கும். வாங்குமுன் அந்தப் பட்டியலைத் தேடிப் படியுங்கள்.

இரட்டை என்றால் பின்பக்கம் என்று கொள்ளாதீர்கள்

2023 ஜூலையில் வந்த ஹூண்டாய் எக்ஸ்டரின் உயர் வகைகளில் நிறுவனமே இரட்டைக் கேமரா கொண்ட டேஷ்கேமைப் பொருத்தித் தந்தது. அதன் இரண்டாவது கேமரா பார்ப்பது காரின் உட்புறத்தை, பின்சாலையை அல்ல. வெளியே விற்கப்படும் பல கருவிகளும் இப்படித்தான். இரட்டை என்று எழுதியிருந்தாலே பின்கண்ணாடிக்கான கேமரா உள்ளே இருக்கும் என்று நம்பி இணையத்தில் வாங்கிவிட வேண்டாம்; பெட்டிக்குள் ஐந்தரை அல்லது ஆறு மீட்டர் நீள வயர் இருக்கிறதா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

உட்புறக் கேமரா வாடகைக் கார் ஓட்டுநருக்கு உரியது. பயணியுடன் தகராறு, கட்டணம் தராமல் இறங்கிப்போவது, பொய்ப் புகார் ஆகியவைதாம் அவருடைய தொழிலின் உண்மையான அபாயங்கள். பின்னால் மோதுகிறவர் அதற்குப் பிறகுதான். அவர் அகச்சிவப்பு விளக்குள்ள உட்புறக் கேமராவை வாங்கலாம், பதிவு நடைபெறுகிறது என்ற அறிவிப்பைப் பயணி காணும் இடத்தில் ஒட்டுவதும் முறையானது. குடும்பக் காருக்கு உட்புறக் கேமரா எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வண்டிக்குள் நடக்கும் பேச்சு முழுவதும் பதிவாகி, பின்னொரு நாள் விபத்து வழக்கில் அதே கோப்பைக் கொடுக்க வேண்டிவந்தால் சங்கடம் உங்களுக்குத்தான்.

உங்கள் காரின் பின்கண்ணாடி என்ன சொல்கிறது

பின்கேமராவின் பயன் காரின் உடலமைப்பைப் பொறுத்தது. பின்வைப்பர் உள்ள ஹேட்ச்பேக் அல்லது எஸ்யூவி என்றால், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் கேமராவைப் பொருத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் படம் கிடைக்கும். செடான் கார்களிலும் பல அடிப்படை வகைகளிலும் பின்வைப்பர் கிடையாது. சாய்ந்த கண்ணாடியில் நீர்த்துளிகளும் சேற்றுத் தெளிப்பும் படிந்தபின் கேமரா காட்டுவது ஒளிப் புள்ளிகளை மட்டுமே. மழைக்காலத்தில் பின்னால் வருகிறவரின் பிரேக் பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். அதே காலத்தில்தான் இந்தக் கேமராவும் குருடாகிறது. கண்ணாடியின் சூடேற்றும் கோடுகளின்மேல் ஒட்டுபசையை ஒட்டிவிட்டால் பின்னர் கழற்றும்போது கோடு அறுந்துபோகக்கூடும் என்பதால், கோடுகளுக்கு மேலே உள்ள வெற்றிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பக்கவாட்டு உரசலை எந்தக் கேமராவும் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குறுகிய தெருவில் நிறுத்திய காரின் கதவில் ஆட்டோவோ தண்ணீர் கேன் வண்டியோ கோடு போட்டுவிட்டுப் போவதுதான் நகரவாசியின் அன்றாடத் துயரம். அதற்காக இரட்டைக் கேமரா வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். முன்னும் பின்னும் உள்ள கேமராக்களின் பார்வை கதவுகளைத் தொடுவதில்லை. உரசிய வண்டி முன்னால் அல்லது பின்னால் கடந்து சென்றது தெரியலாம், உரசியது தெரியாது.

கார்டும் மின்சாரமும் இரட்டிப்பாகச் செலவாகும்

ஒற்றை 1080பி கேமரா நொடிக்கு ஏறத்தாழ 15 மெகாபிட் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 64 ஜிபி கார்டில் ஒன்பது மணி நேரப் பதிவு நிற்கும். 1440பி முன்கேமராவும் 1080பி பின்கேமராவும் சேர்ந்து நொடிக்கு 37 மெகாபிட் எழுதினால் மணிக்கு 16 ஜிபிக்கு மேல் போகும். அதே கார்டு நான்கு மணி நேரத்துக்குள் நிரம்பிப் பழைய பதிவை அழித்து எழுதத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து மதுரைக்கு இடையில் நிறுத்தங்களுடன் போய்ச் சேருமுன் செங்கல்பட்டில் நடந்தது கார்டில் இருக்காது. மோதலை உணரும் சென்சார் அந்தக் கோப்பைப் பூட்டிவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் லேசான உரசலை அது உணராமல் விடுவதும், குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலையும் மோதலாக எண்ணிப் பூட்டிப் பூட்டிக் கார்டை நிரப்பிவிடுவதும் உண்டு. இரட்டைக் கேமராவுக்கு 128 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். தொடர்ந்து எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட ஹை எண்டியூரன்ஸ் வகைக் கார்டாகவும் அது இருக்க வேண்டும். செல்போனில் கிடந்த சாதாரணக் கார்டு இடைவிடாத எழுத்தில் சில மாதங்களிலேயே பழுதாகி, பழுதானதை விபத்தன்றுதான் தெரிவிக்கும்.

ஓடும்போது மின்சாரம் ஒரு பொருட்டல்ல. நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கேமரா 0.3 ஆம்பியரும் இரட்டை 0.5 ஆம்பியரும் இழுப்பதாகக் கொண்டால், இரவு பத்து மணி நேரத்தில் முறையே 3, 5 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய பெட்ரோல் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இதைத் தாங்கும். விமான நிலையத்தில் காரை மூன்று நாள் விட்டுச் சென்றால் இரட்டைக் கேமரா ஒன்றே பேட்டரி முழுவதையும் காலி செய்துவிடக்கூடும். எனவே பார்க்கிங் மோடு வேண்டுமென்றால், மின்னழுத்தம் 12 வோல்ட்டைச் சுற்றி இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்ளும் ஹார்ட்வயர் கிட் கட்டாயம். பூட்டிய கொட்டகையில் காரை நிறுத்துகிறவருக்கு இந்தச் செலவே வேண்டாம். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினாலே போதும்.

வெயில் பற்றி ஒரே ஒரு அறிவுரை: சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி ஓரம் லித்தியம் பேட்டரிக்கு உகந்த இடமல்ல. பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெப்பாசிட்டர் (வெப்பத்தை நன்கு தாங்கும் மின்தேக்கி) உள்ள மாடலையே வாங்குங்கள். ஒற்றையானாலும் இரட்டையானாலும் இதில் விலக்கு வேண்டாம்.

பொருத்துவது

முன்கேமராவை நீங்களே அரைமணி நேரத்தில் ஒட்டிவிடலாம். உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடமே அதற்குரியது. ஓட்டுநரை எச்சரித்து உதவும் ஏடாஸ் வசதியுள்ள கார்களில் அதே இடத்தில் நிறுவனத்தின் கேமரா இருக்கும் என்பதால், அதன் பார்வைக்குள் வராமல் பக்கவாட்டில் தள்ளி ஒட்ட வேண்டும்.

பின்கேமராவில்தான் வேலை இருக்கிறது. வயர் கூரைத் துணியின் ஓரமாக முழு நீளத்துக்கும் ஓடி, ஹேட்ச்பேக் என்றால் டிக்கிக் கதவின் கீலருகே உள்ள ரப்பர் குழாய்க்குள் நுழைந்து வெளிவர வேண்டும். அந்த ரப்பருக்குள் விடாமல் வெளியே தொங்கவிட்டால் ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் வயர் நசுங்கும். பக்க ஜன்னல்களை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் முன்தூணின் உறைக்குள் வயரைக் கொண்டுபோகும்போது அது ஏர்பேக்கின் பின்புறமாகச் செல்ல வேண்டும். முன்புறமாகச் சென்றால் ஏர்பேக் விரியும் வழியில் வயர் குறுக்கிடும். இதை அறிந்த ஆளிடம் மட்டுமே வேலையைக் கொடுங்கள், "ஏர்பேக் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு, அவர் சுட்டிக்காட்டுவதைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். காரின் சொந்த வயரை அறுத்து ஒட்டினால் மின்சாரப் பகுதிகளுக்கான வாரண்டியில் சிக்கல் வரலாம். ஃபியூஸ் பெட்டியில் செருகும் ஃபியூஸ் டாப் மூலம் இணைப்பெடுக்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்குமுன் கடைவாசலிலேயே சோதித்துவிடுங்கள். பின்னால் ஒரு காரை ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, அதன் விளக்குகளை எரியவிட்டு, பதிவைச் செல்போனின் சிறு முன்னோட்டத்தில் பார்க்காமல் முழுக் கோப்பாக இறக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பலகை படிக்கும்படி இருந்தால் வாங்கலாம். முடிந்தால் இருட்டிய பிறகு போவது நல்லது.

யாருக்கு எது

தினமும் நகர நெரிசலில் அலுவலகம் போய்வருகிறவர், தெருவோரத்தில் இரவு முழுவதும் காரை நிறுத்துகிறவர், சரக்கு வண்டிகள் நிறைந்த நெடுஞ்சாலையில் வாரந்தோறும் பயணம் செய்கிறவர் ஆகியோர், காருக்குப் பின்வைப்பரும் இருந்தால், இரட்டைக் கேமராவுக்குத் தாராளமாகப் போகலாம். மலைப்பாதை ஏற்றத்தில் கிளட்ச் பிடித்துப் பழகாத புதிய ஓட்டுநருக்கும் அது உதவும். கார் பின்னால் உருண்டதாகச் சொல்லப்படும் புகாரில் இடைவெளி எவ்வளவு இருந்தது என்பதைப் பின்கேமராதான் காட்டும், அது ஓட்டுநருக்கு எதிராகவும் போகலாம் என்றாலும். வார இறுதியில் மட்டும் கார் எடுக்கிறவருக்கும், வீட்டுக்குள் நிறுத்தும் செடான் உரிமையாளருக்கும் நல்ல ஒற்றைக் கேமராவே என் பரிந்துரை. இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறவர், பின்கேமராவைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளக்கூடிய முன்கேமராவைத் தேடலாம். பல நிறுவனங்கள் அந்தத் துணைக் கேமராவைத் தனியே விற்கின்றன. ஓராண்டு ஓட்டிய பிறகு உங்கள் தேவை உங்களுக்கே தெளிவாகிவிடும். அந்த மாடல் அதற்குள் சந்தையிலிருந்து போய்விடாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் இதிலுள்ள கவலை.

பதிவைச் சான்றாக்குவது

மோதல் நடந்ததும், யாருக்கும் அடிபடவில்லை என்று உறுதிசெய்த பிறகு, கோப்பைப் பூட்டும் பொத்தானை அழுத்தி, வாய்ப்பிருந்தால் கேமராவை அணைத்துக் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். இரட்டைக் கேமரா என்றால் இதில் தாமதம் கூடாது; மேலே கண்டபடி அழித்து எழுதுதல் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கியும் தன் விவரங்களை இழந்தும் போகும் என்பதால் அதைச் சான்றென்று நம்ப வேண்டாம். கார்டிலிருந்து கணினிக்கு நேரடியாக நகலெடுத்து, முன், பின் இரண்டு கோப்புகளையும் மோதலுக்கு முன்னும் பின்னும் உள்ள சில நிமிடங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றாவதற்குப் பதிவில் நேரம் சரியாக இருப்பது முக்கியம். ஜிபிஎஸ் இல்லாத கேமராவில் கடிகாரம் தவறிப்போகக்கூடும். மாதம் ஒருமுறை செல்போன் செயலியுடன் இணைத்தால் திருத்திக்கொள்ளும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதன் படிவம் இரண்டு பகுதிகளைக் கொண்டது: முதல் பகுதியைப் பதிவைத் தருகிறவரும் இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட அதிலிருந்து கணக்கிடப்படும் எழுத்து-எண் தொடர்) அதில் இடம்பெற வேண்டும். முந்தைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு தொடர்பான அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சியாக வந்து முன்வைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று சொன்னது. நடைமுறையில் இதன் பொருள், பதிவான அந்தக் கார்டை மீண்டும் கேமராவில் போட்டு ஓட்டாமல் அப்படியே எடுத்துவைத்துவிட்டு, கேமராவுக்கு வேறொரு கார்டு வாங்கிக்கொள்வது. காவல் நிலையத்தில் கார்டையே கேட்டால் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் நகலெடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான எழுத்துப்பூர்வ ஒப்புகையையும் வாங்கிவையுங்கள்.